காற்றுக் கணக்கு

சொந்தமாகக் கார் வைத்திருந்த எழுத்தாளன் என்றதும் வாசகர்கள் என்னைப் பற்றிப் பெரிதாக ஏதாவது நினைத்துக்கொண்டுவிடக் கூடாது. என் கார் என் எழுத்தால் வந்ததல்ல. என் மாமனார் வழியில் வந்தது. அவர் பருத்தி வியாபாரம் செய்தவர். அவர் காலமான பிறகு அவருடைய அம்பாஸடர் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அதைப் பதினைந்து வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்த டிரைவரும் கூடவே வந்து சேர்ந்தார். காரை மனம் குளிர்ந்து ஏற்றுக்கொண்டேன். டிரைவரை மாதச் சம்பளமாக ஏற்றுக்கொண்டேன்.

இது நடந்தது 1993-ஆம் வருஷம். திருப்பூர் அப்போது கோயம்புத்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. தனி மாவட்டம் ஆனது 2009-இல். ஆனால் ஊரின் வேகம் அப்போதே தனி வேகம். ஏற்றுமதியாளர்கள் சங்கம் என்று ஒன்று 1990-இல் ஏற்பட்டு, எங்கள் ஊர்ப் பனியன் கடல் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. வீடு எது, கம்பெனி எது என்று வாசலில் நின்று சொல்ல முடியாது. முன்கூடத்தில் கட்டிங் நடக்கும். பின்கட்டில் செக்கிங் நடக்கும். மாடியில் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார்கள். தாராபுரம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளிய ஒரு சந்தில் எங்கள் வீடு. அந்த வருஷம் தை மாதத்தில் பக்கத்து வீடும் பனியன் கம்பெனி ஆகிவிட்டது. நான்கு நிட்டிங் மிஷின்கள் வந்து இறங்கின. இரவு பகலாக அவை போட்ட சத்தத்தில் எழுத முடியவில்லை என்று நான் எல்லாரிடமும் புலம்பினேன். என் காதுக்கு மட்டும்தான் தொல்லை என்று அப்போது எண்ணியிருந்தேன்.

பங்குனி பிறந்தது. வண்டி கிளம்ப மறுக்கத் தொடங்கியது.

ஒரேயடியாக மறுத்திருந்தால் நல்லதாகப் போயிருக்கும். அப்படிச் செய்யவில்லை. காலையில் டிரைவர் சாவியைத் திருப்புவார். 'ஸெல்ப்' பாவம், உர் உர் என்று சுற்றும். எஞ்சின் கேட்டும் கேளாதது போல் இருக்கும். ஏழாவது, எட்டாவது தடவையில் ஒரு உறுமல் உறுமி, கறுப்பாகப் புகையைக் கக்கிக்கொண்டு எழுந்திருக்கும். ஓட ஆரம்பித்துவிட்டால் பெரிய குறை தெரியாது. கடைவீதியில் அரை மணி நிறுத்திவிட்டுத் திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் மறுபடியும் பழைய கதை. விருந்துக்கு வந்த மாப்பிள்ளை சாப்பிடக் கூப்பிட்டால் 'பசியில்லை' என்பதும், நாலு தரம் கெஞ்சிய பிறகு இலையில் உட்கார்ந்து வழித்து வழித்துச் சாப்பிடுவதும் உண்டல்லவா? அந்த மாதிரி.

கார் கிளம்புவது என்பது நாம் நினைப்பது போலச் சின்னக் காரியம் இல்லை. ஒரு காலத்தில் வண்டியின் முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் செருகி, உடம்பின் பலம் முழுவதையும் கொடுத்துச் சுற்றினால்தான் எஞ்சின் உயிர் பெறும். 1912-ஆம் வருஷத்துக் காடிலாக் காரில்தான் மின்சாரத்தால் சுற்றும் ஸெல்ப் வந்தது. அதைச் செய்தவர் சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கர். பாட்டரியின் சொற்ப மின்சாரத்தைக் 'காயில்' என்ற சுருளுக்குள் அனுப்பி, 'பாயிண்ட்' திறந்து மூடும் கணத்தில் பல ஆயிரம் வோல்ட்டாகப் பெருக்கி, பிளக்கின் முனையில் பொறியாகத் தெறிக்க விடுகிற ஏற்பாடும் அவர் பெயரையே தாங்கியது. அதற்குப் பிறகு எத்தனையோ வருஷங்கள் உலகத்துப் பெட்ரோல் வண்டிகளில் பெரும்பாலானவை இந்த ஏற்பாட்டில்தான் கிளம்பின. எங்கள் அம்பாஸடரும் அந்த வம்சம்தான்.

முதல் மெக்கானிக் வந்தார். பானெட்டைத் திறக்கு முன்பே, "பாட்டரி போச்சுங்க" என்றார். பாட்டரி போனதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு, பிற்பாடு தெரிந்துகொண்டேன். முன் விளக்கைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்ப வேண்டும். விளக்கு அடியோடு மங்கினால் பாட்டரியிலோ அதன் முனைகளிலோ கோளாறு. முனையில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தால், சுடுதண்ணீர் விட்டுக் கழுவி இறுக்கிவிட்டாலே பாதி வண்டிகள் கிளம்பிவிடும். எங்கள் வண்டியிலோ ஸெல்ப் நன்றாகவே சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றுகிறவனைப் பிடித்து 'உனக்குச் சுற்றப் பலமில்லை' என்றால் எப்படி? இது அப்போது எனக்குத் தோன்றவில்லை. சித்திரை மாதத்தில் புதுப் பாட்டரி வாங்கினேன். ஸெல்ப் முன்னைவிட உற்சாகமாகச் சுற்றியது. எஞ்சின் முன்னைப் போலவே மௌனம் சாதித்தது.

இரண்டாவது மெக்கானிக் பிளக்குகளைக் கழற்றிக் காட்டினார். நாலும் சிம்னி விளக்கின் உட்புறம் போலக் கரி பிடித்திருந்தன. "பாருங்க, பிளக்கு அவிஞ்சு போச்சு" என்று புதிதாக நாலு போட்டார். வண்டி ஒரே திருப்பில் கிளம்பிற்று! அவரைத் தன்வந்திரியின் அவதாரம் என்றே நினைத்தேன். மூன்று வாரம் சென்றது. மறுபடியும் கதை ஆரம்பம். மீண்டும் கழற்றினால் புதுப் பிளக்குகளும் அதே கரி. காய்ச்சலுக்கு நெற்றியில் ஈரத்துணி போட்டு, உடம்பு குளிர்ந்ததும் நோய் போய்விட்டது என்று வைத்தியர் வீட்டுக்குப் போய்விட்ட கதை.

வைகாசியில் அவினாசியில் ஒரு கல்யாணம். என் மைத்துனன் மகளுக்கு விடியற்காலை முகூர்த்தம். நாலரை மணிக்குப் பட்டுப் புடவையும் மல்லிகைப் பூவுமாக ஐந்து பேர் காருக்குள் உட்கார்ந்தாயிற்று. வண்டி கிளம்பவில்லை. வாசலில் நின்றவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கடைசியில் டிரைவர் பக்கத்துக் கம்பெனியில் போய்ச் சொல்ல, நைட் ஷிப்ட் பையன்கள் ஆறு பேர் ஓடி வந்து தள்ளினார்கள். இருபது வயதுகூட ஆகாத பையன்கள். தலையிலும் புருவத்திலும் மீசையிலும் பஞ்சு படிந்து, தெருவிளக்கு வெளிச்சத்தில் அறுபது வயதுக் கிழவர்கள் போலத் தெரிந்தார்கள். அதைப் பார்த்து என் பேத்தி சிரித்தாள். இரண்டாவது கியரில் கிளட்சை விட்டதும் வண்டி குலுங்கிக் கிளம்பியது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. என் மைத்துனன் முகம் கொடுத்துப் பேசவில்லை.

திரும்பி வரும் வழியில் டிரைவர் ஒரு வார்த்தை சொன்னார். "வண்டிக்கு மூச்சு முட்டுதுங்க ஐயா."

நான் என்ன செய்தேன் தெரியுமா? வீட்டுக்கு வந்ததும் அந்த வாக்கியத்தை என் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். ஒரு நாவலில் கிழட்டு வண்டிக்காரன் பேசுவதற்குப் பொருத்தமான வார்த்தை என்று பட்டது. என்ன அழகான கற்பனை, உயிரில்லாத இரும்புக்கு மூச்சுத் திணறுவதாகச் சொல்கிறானே என்று வியந்தேன். அது கற்பனை அல்ல, நோயின் பெயர் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

மூன்றாவது மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார். அவருடைய பட்டறையில் வண்டி ஒரே தட்டில் கிளம்பியது. அங்கேயே பத்து முறை நிறுத்தி, பத்து முறை கிளப்பிக் காட்டினார். எல்லாவற்றையும் மூடிப் பூட்டி வீட்டுக்குக் கொண்டு வந்தோம். மறுநாள் காலை மறுபடி உர் உர். "பட்டறைக்குப் போனால் மட்டும் ஒழுங்காயிருக்கிறதே, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி!" என்றாள் என் மனைவி.

இதற்கிடையில் இன்னொரு சங்கதி. லிட்டருக்கு ஒன்பது, பத்துக் கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்த வண்டி ஏழுக்கு இறங்கி, ஆறரைக்கு வந்துவிட்டது. பெட்ரோல் கணக்கை நான் ஒரு நோட்டில் எழுதி வைப்பது வழக்கம். எண்கள் என் கண்ணெதிரே மாதா மாதம் இறங்கின. எனக்குள் இருந்த கதாசிரியன் விழித்துக்கொண்டான்.

கதாசிரியனுக்குச் சந்தேகம் வந்துவிட்டால் தடயம் தானாக வந்து சேரும். டிரைவர் வீட்டில் புது சைக்கிள் ஒன்று நிற்கிறது, இது ஒன்று. வண்டியைக் காலையில் ஷெட்டுக்குள் வைத்துச் சூடேற்ற வேண்டாம், வெளியே தெருவுக்குக் கொண்டுபோய்க் கிளப்பிக்கொள்கிறேன் என்று அவர் இரண்டு முறை கேட்டார், இது இரண்டு. நான் மாட்டேன் என்றேன். தினமும் ஷெட்டுக்குள்ளேயே பத்து நிமிஷம் ஓட விட வேண்டும் என்பது என் சட்டம். பானெட்டை அடிக்கடி திறந்து எதையோ தொடப் போகிறார், இது மூன்று. என் அனுமதி இல்லாமல் பானெட்டைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு போட்டேன். துப்பறியும் கதைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? வண்டி கிளம்பாததும் பெட்ரோல் குறைவதும் ஒரே திருட்டின் இரண்டு முகங்கள். எடுக்கிற பெட்ரோலுக்குப் பதில் மண்ணெண்ணெயைக் கலந்து வைக்கிறார். அதனால்தான் கறுப்புப் புகை. கதை கச்சிதமாகப் பொருந்திவிட்டது. பொருந்திவிட்டதே, அதுதான் ஆபத்து.

ஆடி மாதம் முதல் வாரத்தில் அவரைக் கூப்பிட்டு, இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். திருட்டு என்ற வார்த்தையை நான் வாயால் சொல்லவில்லை. பெட்ரோல் கணக்கு நோட்டை மட்டும் மேஜைமேல் விரித்து வைத்தேன். சேர வேண்டிய அரை மாதச் சம்பளம் 600 ரூபாயையும் பெட்ரோல் கணக்கில் கழித்துக்கொண்டதாகச் சொன்னேன். அவர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரிங்க" என்று சாவியை வைத்துவிட்டுப் போனார். அந்தச் சாவியை மேஜையின் ஓரத்தில் வைக்காமல், நான் எப்போதும் வைக்கும் ஆணியில் போய் மாட்டிவிட்டுப் போனார்.

புது டிரைவர் வந்தார். மைலேஜ் ஆறரையிலிருந்து ஆறாயிற்று. காலையில் வண்டி கிளம்பவேயில்லை.

எங்கள் கொங்கு நாட்டில் இயந்திரத்தோடு பேசத் தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. ஜி. டி. நாயுடுவின் கதையை இந்தப் பக்கத்தில் யாரும் சொல்வார்கள். கோவைக்குப் பக்கத்துக் கலங்கலில் 1893-இல் பிறந்தவர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, அதை வாங்குவதற்காகவே கோவையில் ஓட்டல் வேலை செய்து பணம் சேர்த்து வாங்கினார். வாங்கியதும் முதலில் செய்த காரியம், அதை அக்கு அக்காகப் பிரித்துப் பார்த்து மறுபடி பூட்டியதுதான். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டதில் தொடங்கிப் பெரிய நிர்வாகம் ஆனார். அவர் காலத்துக்குப் பிறகும், பஸ் பட்டறைகளில் பையனாகச் சேர்ந்து தொழில் கற்றவர்கள் கோவை, திருப்பூர், பொள்ளாச்சி முழுவதும் இருந்தார்கள். அப்படி ஒரு பெரியவரைப் பற்றிக் கேள்விப்பட்டு ஆள் அனுப்பினேன். கண் மங்கி, தொழிலை மகனிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருந்தவர். "வண்டியைத் தள்ளிக்கிட்டு வராதீங்க, நானே வாரேன். வண்டி எங்க நிக்குதோ அங்கதான் பாக்கோணும்" என்று சொல்லி அனுப்பினார்.

ஆவணி மாதத்தில் ஒரு நாள் காலையில் வந்து, ஷெட்டுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். மனிதர் பானெட்டைத் தொடவே இல்லை. கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"ஸெல்ப் நல்லாச் சுத்துதுங்களா?"

"சுத்துது."

"அப்பப் பாட்டரி இல்லீங்க. ஓடி நின்னு சூடா இருக்கறப்ப மட்டும் மக்கர் பண்ணுதா, காலையிலயுமா?"

சூட்டில் மட்டும் மறுத்தால், பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி வழியை அடைத்துக்கொண்டிருக்கலாம். கோடைகாலத்தில் பம்பின்மேல் ஈரத்துணி போட்டு ஆற்றுவார்களே, அந்த வியாதி. எங்கள் வண்டி இரண்டு வேளையும் மறுத்தது.

"புகை என்ன நெறமுங்க?"

"கறுப்பு."

"நீலமா இருந்தா ஆயில் எரியுதுன்னு அர்த்தமுங்க. கறுப்புன்னா பெட்ரோல் ஜாஸ்தி. பிளக்கைக் காட்டுங்க." புது டிரைவர் கழற்றிக் கொடுத்தார். பெரியவர் அதைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார், விரலால் தேய்த்தார். "நல்லா எரியற எஞ்சின்ல பிளக்கு காப்பித்தூள் நெறத்துல இருக்குமுங்க. இது அடுப்புக் கரி. பொறி வராம இல்லை, பெட்ரோல் வராமயும் இல்லை, வந்தது எரியறதில்லை. சரிங்க, கடைசியா ஒண்ணு கேக்கறேன். இந்தத் தொல்லை எப்ப இருந்துங்க?"

"பங்குனியிலிருந்து."

"பங்குனிக்கு முன்னால இந்த எடத்துல என்ன மாறுச்சு?"

நான் யோசித்தேன். எனக்கு ஒன்றும் மாறியதாகத் தெரியவில்லை. ஜன்னலுக்குப் பின்னாலிருந்து என் மனைவி பதில் சொன்னாள். "அந்த மிஷின் வந்தது. அன்றையிலிருந்து கொடியில் துணி உலர்த்த முடியவில்லை. எடுத்தால் எல்லாம் பஞ்சு. உங்களிடம் எத்தனை தரம் சொன்னேன்?"

பெரியவர் மெல்லத் தலையைத் தூக்கினார். பக்கத்துக் கம்பெனியின் சுவரில் எங்கள் ஷெட்டைப் பார்த்தபடி ஒரு பெரிய காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. நூல் கோனிலிருந்து இறங்கி, நூற்றுக்கணக்கான ஊசிகளில் உரசிக்கொண்டு துணியாகும்போது உதிர்கிற பஞ்சை மிஷினுக்குப் பக்கத்தில் தங்க விடாமல் வெளியே தள்ளுவதற்காக வைத்தது. ஷெட்டின் கூரையில் தொங்கிய நூலாம்படை எல்லாம் வெள்ளை வெளேரென்று, கோயில் உற்சவத்துத் தோரணம் போல இருந்தது. எட்டு மாதமாகத் தினமும் பார்த்திருக்கிறேன்.

"இப்பத் திறங்க" என்றார் பெரியவர்.

எஞ்சினின் தலைமேல் வட்டமாக ஒரு தகர டப்பா இருக்கும். அதற்குள் மடிப்பு மடிப்பாகக் காகிதம் வைத்த சல்லடை. எஞ்சின் இழுக்கும் காற்று அதன் வழியாகத்தான் போக வேண்டும். மூடியைத் திறந்தார்கள். காகிதமே தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் கம்பளம் போல ஒன்று சுற்றி ஒட்டியிருந்தது. பெரியவர் ஓரத்தைப் பிடித்து உரித்தார். ஒரே துண்டாக வந்தது.

"இதைக் கொண்டுபோய்ப் போட்டா ஒரு பனியன் ஓட்டலாமுங்க" என்றார். என் மனைவி எட்டிப் பார்த்து, திரி திரிக்க ஆகுமா என்று கேட்டாள்.

சல்லடையை வெளியே வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினார்கள். ஸெல்ப் ஒரு சுற்றுக்கூட முழுசாகச் சுற்றியிருக்காது. வண்டி எழுந்துவிட்டது.

பட்டறையில் மட்டும் ஏன் ஒழுங்காக இருந்தது என்பதும் அப்போதுதான் விளங்கிற்று. கார்புரேட்டரைக் கழற்ற வேண்டுமானால் முதலில் இந்தச் சல்லடை டப்பாவை எடுத்து ஓரமாக வைக்க வேண்டும். அந்த மெக்கானிக் மூக்கைக் கழற்றி வைத்துவிட்டு நெஞ்சைச் சோதித்திருக்கிறார். நெஞ்சு நன்றாக இருந்தது. பிறகு அடைத்த மூக்கை மறுபடி மாட்டி அனுப்பிவிட்டார்!

விறகடுப்பில் விறகைத் திணித்துவிட்டு ஊதாமல் இருந்தால் என்ன ஆகும்? புகையும், பற்றாது. அதுதான் விஷயம். பெட்ரோல் சரியாக எரிய, எடைக் கணக்கில் அதைப் போல ஏறக்குறைய பதினைந்து மடங்கு காற்று வேண்டும். அளவைக் கணக்கில் பார்த்தால் நமக்குத் திகைப்பாக இருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று. மூக்கு அடைபட்டபோது பெட்ரோல் மிஞ்சியது, மிஞ்சியது கரியாகிப் பிளக்கில் அப்பியது, பொறி அடங்கியது. எரியாமல் புகையாகப் போன பெட்ரோல்தான் என் நோட்டில் திருட்டாக எழுதப்பட்டிருந்தது. ஒரே காரணம், இரண்டு அறிகுறி. அந்த மட்டில் என் துப்பறியும் மூளை சரியாகத்தான் சொல்லியது. ஆளைத்தான் மாற்றிப் பிடித்துவிட்டது.

ஏன் மாற்றிப் பிடித்தது என்பதை அன்று இரவு வெகு நேரம் யோசித்தேன். பாட்டரி காசு கொடுத்து வாங்கியது, அதைச் சந்தேகித்தேன். பிளக்கும் அப்படியே. பெட்ரோலுக்கு நோட்டுப் போட்டுக் கணக்கு வைத்தேன். டிரைவருக்கு மாதம் பிறந்தால் சம்பளம் எண்ணிக் கொடுத்தேன். ஆகவே அவரையும் சந்தேகித்தேன். ஒன்பதாயிரம் மடங்கு உள்ளே போய்க்கொண்டிருந்த காற்றுக்கு நான் ஒரு காசும் கொடுக்கவில்லை. அதனால் அது இருப்பதாகவே எனக்கு நினைவில்லை. நமக்குச் செலவு வைப்பது எதுவோ அதுதான் குற்றவாளியாகவும் இருக்கும் என்று மனசு எப்படியோ முடிவு கட்டிவிடுகிறது.

இன்றைய கார்களில் இந்தக் கதை இப்படியே நடக்காது. அம்பாஸடர் உற்பத்தி 2014-இல் நின்றுபோயிற்று. புதுக் கார்களில் கார்புரேட்டரே கிடையாது. உள்ளே போகும் காற்றை ஒரு கருவி அளந்து சொல்ல, அதற்குத் தக்கபடி கம்ப்யூட்டர் பெட்ரோலைத் தெளிக்கிறது. என்னைவிட ஒழுங்காகக் காற்றுக்குக் கணக்கு வைக்கிறது. கோளாறு வந்தால் விளக்கு எரியும். மெக்கானிக் ஸ்கேனரைச் செருகினால் எண்ணாகச் சொல்லும். சௌகரியம்தான். ஆனால் 'பங்குனிக்கு முன்னால் என்ன மாறியது?' என்று கேட்கும் ஸ்கேனரை நான் இன்னும் பார்க்கவில்லை.

போகட்டும். டிரைவர் விஷயத்துக்கு வருகிறேன்.

மறுநாளே போயிருக்க வேண்டும். போகவில்லை. பத்து நாள் தள்ளிப் போட்டேன். தப்பாக முடிவு கட்டுவதற்கு ஒரு நிமிஷம் போதுமாயிருந்தது. அதை ஒப்புக்கொள்வதற்கு நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் என் மனைவி, "நீங்கள் போகிறீர்களா, நான் போகட்டுமா?" என்றாள். 600 ரூபாயைக் கவரில் போட்டுக்கொண்டு, மங்கலம் ரோட்டுப் பக்கம் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன்.

அவர் ஒரு நூல் கடையில் டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, "வாங்க ஐயா" என்று பாயை உதறிப் போட்டார். அவருடைய மனைவி சொம்பில் மோர் கொண்டு வந்து வைத்தார். நான் வழியெல்லாம் தயார் செய்துகொண்டு போயிருந்த வாக்கியங்கள் ஒன்றும் வாயில் வரவில்லை. "ஃபில்டரில் பஞ்சு அடைத்திருந்தது" என்று மட்டும் சொன்னேன்.

"ஆமாங்க. காத்துத்தான் போகலைன்னு எனக்குத் தெரியுமுங்க. அன்னிக்கே சொன்னேனுங்களே."

"எப்படித் தெரியும்?"

அவர் திண்ணைப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே அந்தப் புது சைக்கிள் நின்றது. அதற்குப் பக்கத்தில் ஒரு பையன் நைட் ஷிப்ட் முடிந்து வந்து போர்த்திக்கொண்டு படுத்திருந்தான். "நம்ம பையனுங்க. பத்தாவதோட நிறுத்திப்போட்டு நிட்டிங்குக்குப் போறான். மொதல் போனஸ்ல அந்தச் சைக்கிள் வாங்கினான். காலையில வந்து படுத்தா இருமுவானுங்க. எழுந்திரிச்சுக் கொஞ்ச நேரம் நெஞ்சைப் பிடிச்சுக்குவான். நம்ம வண்டி காலையில பண்ணுற சத்தம் அதே மாதிரி இருந்துச்சுங்க. அதான் தெருவுக்குக் கொண்டுபோய்க் கிளப்பறேன்னு கேட்டேன்."

திண்ணையிலிருந்து இருமல் கேட்டது. வண்டிக்காவது ஒரு சல்லடை இருந்தது. பருத்தித் தூசியை வருஷக்கணக்கில் சுவாசிக்கிறவர்களுக்கு வரும் நெஞ்சு நோய்க்கு மருத்துவர்கள் பிஸினோஸிஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகுவது அதன் அடையாளம் என்று பின்னால் படித்தேன். அவினாசிக் கல்யாணத்தன்று எங்கள் காரைத் தள்ளிய பையன்களின் வெள்ளைப் புருவங்கள் எனக்கு ஞாபகம் வந்தன. "டாக்டரிடம் காட்டினீர்களா?" என்று கேட்டேன். "காட்டோணுமுங்க" என்றார். அந்த வாரமே எனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவரிடம் பையனை நானே கூட்டிப் போனேன். அவர் சொன்னபடி பையன் நிட்டிங்கை விட்டு செக்கிங் வேலைக்கு மாறிக்கொண்டான். கொஞ்ச நாளில் இருமல் குறைந்தது. இதை என் தயாளம் என்று யாரும் எண்ண வேண்டாம். அவர்கள் எனக்குக் கொடுத்த மோருக்குக்கூட அது ஈடாகாது.

கவரை நீட்டினேன். அவர் வேண்டாம் என்று சொல்வார், நான் வற்புறுத்துவேன், கண்கள் கலங்கும் என்றெல்லாம் மனசுக்குள் ஒரு காட்சி எழுதி வைத்திருந்தேன். அவர் கவரை வாங்கினார். பிரித்தார். என் எதிரிலேயே ஒவ்வொரு நோட்டாக எண்ணினார்.

"கணக்குச் சரியா இருக்குதுங்க" என்றார்.

திரும்ப வேலைக்கு வருகிறீர்களா என்று கேட்டேன். டெம்போ பழகிவிட்டது என்று சொன்னார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. வாசல் வரை வந்து வழியனுப்பியபோது, "வண்டி இப்ப ஒரே திருப்புல கிளம்புதுங்களா?" என்றார்.

"கிளம்புது" என்றேன்.

"தெருவுல வெச்சே கிளப்பச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.